தொடாதே, இப்படிக்கு சீலன்

ஆடி 1, வெள்ளி

இந்த நோட்டை என் மகள் மங்கை வாங்கிக் கொடுத்தாள். பாசத்தில் இல்லை.

"அப்பா, உனக்கு வாயில வர்றத எல்லாம் இனிமே இதுல எழுது. ஆடி முடியிற வரைக்கும் எங்கிட்டப் பேசாத."

"சாப்பாடு கேக்கலாமா?"

"அதையும் எழுதிக் காட்டு."

ஆகவே எழுதுகிறேன். பெயர் சங்கரலிங்கம். படிப்பு ஆறாம் வகுப்பு, அதிலும் பாதி. விருதுநகரில் ஒரு மிளகாய் வத்தல் கிட்டங்கியில் மூட்டைகளோடு மூட்டையாகக் கிடந்து ஓய்வு பெற்றவன். தும்மல் நின்றுவிட்டது. வாய் நிற்கவில்லை.

வீட்டில் கீழே நான். மாடியில் மங்கையின் ஆபீஸ். மருமகன் கப்பலில் வேலை பார்க்கிறார், ஆறு மாதத்துக்கு ஒருமுறை முகம் காட்டுவார். ஆபீஸ் என்றால் ஒரு ஏசி, மூன்று கம்ப்யூட்டர், பெனாசிர் என்று ஒரு பெண். அவள் ஸ்கூட்டரில் வருவாள், என்னைத் தாத்தா என்பாள். மாமா என்று கூப்பிடச் சொல்லிப் பார்த்தேன், சிரிக்கிறாள். இரண்டு பேரும் சேர்ந்து கல்யாண மண்டபங்களுக்கு சாஃப்ட்வேர் நடத்துகிறார்கள். எந்த மண்டபம் எந்த நாள் யாருக்கு, எத்தனை நாற்காலி, எத்தனை சிலிண்டர், எல்லாம் அது சொல்லும்.

போன வாரம் அது ஒரு வேலை செய்துவிட்டது. பூரணி மகாலில் ஆவணி ஞாயிறு அதிகாலைக் கல்யாணம் ஒரு வீட்டாருக்கு. அதற்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் ரிசப்ஷன் இன்னொரு வீட்டாருக்கு. நம் ஊரில் ஞாயிறு கல்யாணம் என்றால் சனி மத்தியானமே பாத்திரம் இறங்கிவிடும். மாப்பிள்ளை அழைப்பு, விருந்து எல்லாம் சனி ராத்திரிதான். கம்ப்யூட்டருக்கு அது தெரியவில்லை. இது சனி, அது ஞாயிறு, வேறு வேறு நாள் என்று இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டது. இரண்டு வீட்டுக்காரர்களும் ஒரே நேரத்தில் சமையல்கட்டு பார்க்க வந்து, இரண்டு சம்பந்தியம்மாக்களும் வாசலில் முட்டிக்கொண்டார்களாம். நான் அங்கே இல்லாமல் போனேன். அந்த வருத்தம் எனக்குக் கடைசி வரை இருக்கும்.

பூரணி மகால் முதலாளி கிருபாகரன் ரிசப்ஷன்காரர்களைக் கெஞ்சி வேறு மண்டபத்துக்கு அனுப்பிவிட்டு, நேரே இங்கே வந்தார். காப்பியைக்கூடத் தொடவில்லை.

"ஆவணி ஒண்ணாந் தேதி வருவேன் மங்க. அன்னைக்கும் இது இப்படித்தான் இருந்துச்சுன்னா, நானும் என் சேக்காளிக மண்டபமும் பழையபடி டைரிக்கே போயிருவோம். கோவிச்சுக்காத."

மங்கைக்கு இருப்பதே அவரும் அவர் சேக்காளிகளும்தான். அவர்கள் போனால் மாடியில் ஏசி மட்டும் மிஞ்சும்.

அவர் போனதும் மங்கை சொன்னாள். "ஆடியில கல்யாணம் கெடையாது. மண்டபத்துக்கெல்லாம் வெள்ளையடிப்பாங்க. நாம கோடுக்கு அடிப்போம்."

கோடு என்பது கம்ப்யூட்டருக்கு எழுதி வைக்கிற உத்தரவு. இது எனக்குத் தெரியும். மற்றது தெரியாது.


ஆடி 2, சனி

"தப்பான எடத்த மட்டும் திருத்திட்டுப் போக வேண்டியதுதான? இதுக்கு எதுக்கு ஒரு மாசம்?" என்று எழுதிக் காட்டினேன். பேசாதே என்ற சட்டத்தை மங்கையே மறந்துவிட்டாள்.

"ஒரு எடமா இருந்தா நேத்தே முடிஞ்சிருக்கும்பா. மண்டபத்துல நாள் எப்ப ஆரம்பிக்குது, எப்ப முடியுதுங்கிற கணக்கு பதினோரு எடத்துல இருக்கு. பதினொண்ணும் ஒண்ண ஒண்ணு பாத்துக் காப்பியடிச்சது. காப்பியடிக்கும்போது ஆளுக்குக் கொஞ்சம் மாத்தி வச்சிருக்கு."

ஒன்று நடுச்சாமத்திலிருந்து நாளை எண்ணுகிறதாம். ஒன்று முந்தின நாள் மூன்று மணியிலிருந்து. ஒன்று ராகுகாலம் கழித்து, ஏனென்றால் அந்த முதலாளி அப்படித்தான் சாவி கொடுப்பார். புது மண்டபம் வரும்போதெல்லாம் பழைய மண்டபத்துக் கணக்கை அப்படியே நகலெடுத்து ஒட்டியிருக்கிறார்கள். ஒன்றைத் திருத்தினால் மற்றதெல்லாம் பழைய பொய்யையே சொல்லும். போன மாதம் இவள் ஓரிடத்தில் கை வைக்க, வேறொரு மண்டபத்தில் நூறு நாற்காலி காணாமல் போனது.

"இந்தப் பக்கம் செம ஸ்மெல்லுக்கா," என்றாள் பெனாசிர் திரையைப் பார்த்து.

நான் கம்ப்யூட்டரின் பின்பக்கம் போய் மோந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை.

"தாத்தா, அது அந்த ஸ்மெல் இல்ல. சரியில்லாத கோடுக்கு அப்படிச் சொல்வோம்."

"வத்தல் கிட்டங்கியில இருந்தவன்மா நான். பொணம் நாறினாலும் எனக்குத் தெரியாது. சும்மா ஒரு மரியாதைக்கு மோந்து பாத்தேன்."

பிறகு, "இப்படி எழுதினது யாரு?" என்று கேட்டேன். எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டேன். மங்கை மின்விசிறியைப் பார்த்தாள்.

"இட்லி ஆறுது. கீழ போப்பா."


ஆடி 3, ஞாயிறு

எண்ணெய்ப் பரோட்டா நான்கு. மங்கையிடம் இரண்டு என்று சொல்லியிருக்கிறேன்.


ஆடி 5, செவ்வாய்

இன்று மாடியில் தேங்காய் துருவினேன். வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று காரணம் சொன்னேன். பெனாசிர் அந்தப் பதினொன்றின் பெயர்களையும் சத்தமாக வாசித்தாள். இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்ப் பெயர்கள்.

"மண்டபக் கணக்கு. மண்டபக் கணக்கு புதுசு. புதுசு ரெண்டு. மண்டபக் கணக்கு இதுதான். அப்பறம்..." மூச்சு வாங்கினாள். "மண்டபக் கணக்கு சத்தியமா இதுதான்."

துருவிய தேங்காய் எல்லாம் என் மடியில். அப்படிச் சிரித்தேன். பெனாசிருக்குப் புரையேறியது. மங்கைகூட வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பூரணி மகாலுக்கு எது நெசமாலுமே ஓடுது?"

"புதுசு ரெண்டு, தாத்தா. சத்தியமா இதுதான் சும்மா கெடக்கு."

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு குறிப்பு. கம்ப்யூட்டர் அதைப் படிக்காதாம், மனுசன் படிப்பதற்காக எழுதி வைப்பதாம். அதில் இவ்வளவுதான் இருந்தது: தொடாதே, இப்படிக்கு சீலன்.

மங்கையின் சிரிப்பு அங்கே நின்றது.

சீலன் என்றால் ஜெயசீலன், என் மகன், மங்கைக்கு இளையவன். இரண்டு பேரும் சேர்ந்துதான் இந்த மாடியில் கடையைத் தொடங்கினார்கள். மண்டபக்காரர் யார் எதைக் கேட்டாலும் சீலன், "செஞ்சுரலாம் அண்ணாச்சி" என்பான். உடனே பழையதை நகலெடுத்து ஒட்டுவான். மங்கை, கொஞ்சம் நிறுத்திக் கூட்டிப் பெருக்கலாம் என்பாள். ஓடுகிற வண்டியை எதற்கு நிறுத்த வேண்டும் என்பான் அவன். போன தீபாவளிக்கு முந்தின தீபாவளி, முறுக்கு பிழிகிற நேரத்தில் பேச்சு வளர்ந்தது. நீ எழுதினது குப்பை என்றாள் இவள். அந்தக் குப்பையில்தான் நீ சோறு தின்கிறாய் என்றான் அவன். மறுநாள் சென்னைக்குப் போய்விட்டான், பெரிய கம்பெனி. அதோடு இரண்டு பேரும் பேசவில்லை.

எனக்கு ஞாயிறுதோறும் போன் பண்ணுவான். "சாப்பிட்டீங்களா?" என்பான். "ஆச்சு" என்பேன். வைத்துவிடுவான்.

எனக்கு ஒன்றும் இல்லை. வீடு சத்தமில்லாமல் இருக்கிறது. மத்தியானம் நன்றாகத் தூங்க முடிகிறது.


ஆடி 8, வெள்ளி

இன்று ஒரு நல்ல காரியம் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்காமல் நானே சீலனைக் கூப்பிட்டேன்.

"டேய், உங்கக்கா உன் கோடப் படிச்சுப் படிச்சு சிரிக்கிறாடா. அந்தப் புள்ள பெனாசிருக்குப் புரையே ஏறிருச்சு."

"எதப் படிச்சு?"

"சத்தியமா இதுதான்."

"அது அவசரத்துல வச்ச பேருப்பா. முகூர்த்த நாளு, மண்டபத்து வாசல்ல நின்னுக்கிட்டே எழுதினது."

"பொண்ணு மாப்பிள்ளைக்கு நடுவுல உக்காந்து எழுதினாலும் கோடு கோடுதானடா. இப்ப அவ பதினொண்ணையும் ஒண்ணாக்கப் போறா."

"ஒண்ணாவா? அப்பா, தேனம்மை மண்டபத்த மட்டும் பாத்துத் தொடச் சொல்லுங்க. அங்க சமையக்கட்ட மட்டும் தனியா வாடகைக்கு விடுவாங்க. தெரியாமத் தொட்டா ஒடஞ்சுரும்."

மாடிக்குப் போய், ஒன்றும் தெரியாதவன் மாதிரி மங்கையிடம் சொன்னேன். "தேனம்மை மண்டபத்துல சமையக்கட்டு மட்டும் தனியா விடுவாங்களாம். பாத்துத் தொடணுமாம்."

"யாரு சொன்னா?"

"கீரைக்காரி."

மங்கை என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த பல்லியைப் பார்த்தேன். பல்லி பெனாசிரைப் பார்த்தது.

"அந்தக் கீரைக்காரிகிட்டயே கேளு," என்றாள் மங்கை, திரும்பிக்கொண்டு. "சமையக்கட்ட மட்டும் எடுத்தா நாள் எப்ப ஆரம்பிக்குதுன்னு."

முழங்கால் வலியை மறந்து இரண்டிரண்டு படியாக இறங்கினேன்.


ஆடி 11, திங்கள்

கீரைக்காரி சொன்னது: சமையல்கட்டுக்கு நாள் விடியற்காலையில் ஆரம்பம். மங்கை கேட்டது: அப்படியென்றால் முந்தின ராத்திரி ஊற வைத்த உளுந்து யார் கணக்கு? கீரைக்காரி சொன்னது: அதை யோசிக்கவில்லை. மங்கை சொன்னது: தெரியும்.

ஒரே நாளில் நான்கு தடவை ஏறி இறங்கினேன். கால் நன்றாக இருக்கிறது. டாக்டர் சொன்ன நடை இதுதான் போல.


ஆடி 13, புதன்

பதினொன்று ஒன்றானது! நாள் எங்கே ஆரம்பம் எங்கே முடிவு என்று கேட்டால் இனி ஒரே இடம்தான் பதில் சொல்லும். மண்டபத்துக்கு மண்டபம் இருக்கிற வித்தியாசத்தைப் பக்கத்தில் ஒரு அட்டவணையாகப் போட்டுவிட்டார்கள். கோடைத் தொடாமல் அட்டவணையை மட்டும் மாற்றிக்கொள்ளலாமாம்.

"தாத்தா, இப்ப இத ஒடைங்க," என்றாள் பெனாசிர். விளையாட்டுக்கு ஒரு பொய் மண்டபம் செய்து என் முன்னால் வைத்தாள்.

என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. எல்லோரும் உடைக்காதே என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

மணமகன் சங்கரலிங்கம். மணமகள் எதிர்வீட்டு அமலோற்பவம் டீச்சர், ஓய்வு. விருந்தினர் ஐயாயிரம். அவ்வளவு நாற்காலி இல்லை என்றது. அறுநூறாகக் குறைத்தேன், டீச்சர் பக்கம்தான் குறைத்தேன். கல்யாணம் ஞாயிறு காலை. ஏற்றுக்கொண்டது. பிறகு அதே மண்டபத்தில் சனி சாயங்காலம் ஒரு காதுகுத்து போட்டேன்.

திரையில் சிவப்பாக வந்தது: சனி மாலை மூன்று மணி முதல் மண்டபம் கல்யாண வீட்டாருக்கு.

பெனாசிர் நாற்காலியோடு ஒரு சுற்று சுற்றினாள். மங்கை கையைத் தட்டினாள். எனக்கு மட்டும் ஏமாற்றம். உடைக்கச் சொன்னார்கள், உடையவில்லை.

யோசித்தேன். என் கல்யாணத்தை ரத்து செய்தேன். உடனே காதுகுத்து உள்ளே போனது. பிறகு ரத்தை ரத்து செய்து கல்யாணத்தைத் திரும்பக் கொண்டுவந்தேன். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தன.

"ஒடஞ்சிருச்சு!" என்று கத்தினேன்.

"ஐயோ, ஒடஞ்சிருச்சுக்கா!" என்று கத்தினாள் பெனாசிர், பரிசு விழுந்த மாதிரி. தப்பு கிடைத்தால் இவர்களுக்கு இவ்வளவு சந்தோஷம். இப்போது கிடைத்தால் ஆவணியில் கிடைக்காதாம்.

சாயங்காலத்துக்குள் சரி செய்தார்கள். நான் செய்த குறும்பை அப்படியே ஒரு சோதனையாகவும் எழுதி வைத்தாள் பெனாசிர். கோடில் யார் எதை மாற்றினாலும் கம்ப்யூட்டர் முதலில் அந்தக் குறும்பைத் தானே செய்து பார்க்குமாம்.

"இனிமே உங்க கல்யாணம் தெனமும் ஒரு தடவ நின்னு ஒரு தடவ நடக்கும் தாத்தா."

"டீச்சருக்குத் தெரிய வேணாம்."


ஆடி 18, திங்கள்

ஆடிப்பெருக்கு. எலுமிச்சை, புளி, தேங்காய், தயிர், நான்கு சாதம். மூன்று பேரும் மாடியிலேயே சாப்பிட்டோம்.

"இன்னைக்கு மட்டும் கோடுல மூவாயிரம் வரி போச்சுப்பா!" என்றாள் மங்கை. முகம் பளபளவென்று இருந்தது. இத்தனை நாளில் இந்த முகத்தை நான் பார்க்கவில்லை.

"போச்சுன்னா வேலை கொறஞ்சிருக்குமே?"

"அதே வேலைதான்."

"அப்ப அந்த மூவாயிரமும் இத்தன நாளா என்ன பண்ணுச்சு?"

"சும்மா உக்காந்திருந்துச்சு."

"என்னப் பாத்துச் சொல்லாத."

இப்போது ஒரே ஒரு சட்டம். வேறெந்தக் கோடும் வேலைக்குக் கூப்பிடாத கோடு எதுவாக இருந்தாலும் தூக்கிப் போட வேண்டும். வைத்திருந்தால் பின்னால் வருகிறவர்கள் அதைப் படித்துக் குழம்புவார்கள். 'சத்தியமா இதுதான்' போனது. 'புதுசு' போனது. கடைசியில் 'எக்ஸ் ஒன்பது' என்று ஒன்று இருந்தது. பெயரும் இல்லை, குறிப்பும் இல்லை, உள்ளே என்னவோ நிலாக் கணக்கு. பெனாசிர் எல்லா இடமும் தேடிப் பார்த்தாள். யாரும் அதைக் கூப்பிடவில்லை.

"வளர்பிறை முகூர்த்தம் போடணும்னு பாதியில விட்டுட்டுப் போயிருப்பான்," என்றாள் மங்கை.

"கீரைக்காரிய ஒரு வார்த்தை கேட்டுட்டு வரவா?"

"இதுக்குமா? கீரைக்காரிக்கு வேற சோலி இல்லையா? தூக்கு பெனாசிர்."

தூக்கினாள். நான் இரண்டாவது தடவை புளிசாதம் போட்டுக்கொண்டேன்.


ஆடி 21, வியாழன்

இன்று போனைக் காலையிலேயே சார்ஜில் போட்டேன். மத்தியானம் மறுபடி போட்டேன். பெனாசிரிடம் எனக்கு ஒரு மெசேஜ் அனுப்பச் சொன்னேன். "தாத்தா டீ ஆறுது" என்று அனுப்பினாள். வந்தது. ஆக, போனில் கோளாறு இல்லை.

விஷயம் இதுதான். ராஜகனியின் திதி ஆடி மாதத் தேய்பிறை தசமி. என் மனைவி ராஜகனி. முதல் வருஷம் நான் காலண்டரைக் கிழித்துப் பார்த்து ஒரு நாள் படையல் போட்டேன். சாத்தூரிலிருந்து அவள் அண்ணன் வந்து, ஒரு நாள் பிந்திவிட்டதே என்று தலையில் அடித்துக்கொண்டார். "உயிரோட இருந்தப்ப பஸ் ஸ்டாண்டுல என்னை எத்தன தடவ காக்க வச்சா? ஒரு நாள் அவ காத்திருக்கட்டும்," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். சீலன் சிரித்தானா என்று நான் பார்க்கவில்லை.

அதற்கு அடுத்த வருஷத்திலிருந்து, முந்தின நாள் சாயங்காலத்துக்குள் மண்டபக்காரர்களுக்கு மெசேஜ் போகிற மங்கையின் ஆபீஸ் நம்பரிலிருந்து எனக்கு ஒரு மெசேஜ் வரும். 'நாளை திதி.' இரண்டே சொல். நான் போய்க் காய் வாங்குவேன். நாளைக்குத் திதி என்று மங்கையிடம் சொல்வேன், மெசேஜைப் பற்றிப் பேசியதில்லை. அவளும் பேசியதில்லை. எங்கள் வீட்டில் அப்படித்தான்.

இந்த வருஷம் அவளுக்குத் தலைக்கு மேல் வேலை. பாவம், நான் கேட்கப் போவதில்லை.

காலண்டர் தாளில் நாளை வெள்ளி காலை ஒன்பது வரை நவமி, அப்புறம் தசமி என்று இருக்கிறது. சனி காலை ஏழரை வரை தசமி, அப்புறம் ஏகாதசி. எந்த நாள்? ராஜகனி இருந்தால் அவளிடமே கேட்டிருப்பேன்.

ரசம், அப்பளம்.


ஆடி 22, வெள்ளி

பொறுக்க முடியவில்லை. தோசைக்கல் முன்னால் நின்ற மங்கையிடம் காலையிலேயே ஆரம்பித்துவிட்டேன்.

"ஏம்மா, ஊருல உள்ள கல்யாணத்துக்கெல்லாம் மெசேஜ் அனுப்புற. உங்கம்மாவுக்கு மட்டும் இந்த வருஷம் ஸ்டாக் இல்லையா?"

"என்னப்பா சொல்ற?"

"திதிக்கு வருஷா வருஷம் அனுப்புவியே, அது."

"நான் எப்பப்பா அனுப்பினேன்? நீதான முந்தின நாளு வந்து நாளைக்குத் திதின்னு சொல்லுவ? காலண்டர் பாத்துச் சொல்றன்னுல்ல நான் நெனச்சுக்கிட்டு இருக்கேன்!"

போனைக் காட்டினேன். போன வருஷத்தது இருந்தது, அதற்கு முந்தின வருஷத்ததும். மங்கை படித்தாள். தோசை கருகியது. அந்த நேரம் பார்த்து பெனாசிர் ஹெல்மெட்டோடு உள்ளே வந்தாள், எட்டிப் பார்த்தாள்.

"அக்கா," என்றாள் மெதுவாக. "எக்ஸ் ஒன்பது. நெலாக் கணக்கு."

இரண்டு பேரும் மாடிக்கு ஓடினார்கள். நான் அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். தூக்கிப் போட்ட கோடு நிஜமாகப் போய்விடாதாம், நேற்று எப்படி இருந்தது, அதற்கு முந்தின நாள் எப்படி இருந்தது என்று எல்லாம் ஒரு பக்கம் சேர்ந்திருக்குமாம். பெனாசிர் அதை எடுத்தாள். வேறொரு இடத்தில் துழாவி, "இந்தா இருக்கு," என்றாள். சர்வரில் ஒரு அலாரம். தினமும் காலையில் அதுதான் இதை எழுப்பியிருக்கிறது. அலாரம் கோடுக்கு வெளியே இருந்ததால் இவர்கள் தேடியபோது அகப்படவில்லை.

மங்கை திரையில் விரல் வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்தாள்.

"ஆடி மாசமா... தேய்பிறையா... பத்தாவது திதியா... மத்தியானம் அந்தத் திதி இருக்கா... இருந்தா முந்தின நாளே..." விரல் நின்றது. "அப்பா நம்பரு."

பிறகு போனை எடுத்தாள். நம்பரைத் தேடவில்லை, விரலே அடித்தது. ஸ்பீக்கரில் மணி இரண்டாவது தடவை அடிப்பதற்குள் எடுத்துவிட்டான்.

"அக்கா?"

"ஏண்டா, ஒரு பேரு வைக்கத் தெரியாதாடா ஒனக்கு? எக்ஸ் ஒம்பதுன்னு வச்சா எவனுக்குடா தெரியும்?"

"எதக்கா சொல்ற?"

"அம்மா திதிடா. குப்பைன்னு தூக்கிப் போட்டேன்டா நானு."

அந்தப் பக்கம் ஒரு பஸ் ஹாரன் கேட்டது.

"மெசேஜ் போகலையா? அக்கா, இன்னைக்குத்தான் செய்யணும். மத்தியானம் தசமி இருக்குறது இன்னைக்குத்தான். நாளைக்குக் காலையில விடியும்போதும் தசமி இருக்கும், அத நம்பிராதீங்க. மொத வருஷம் அப்பா அதுலதான் ஏமாந்தாரு. காய் வாங்கியாச்சா?"

"ஒரு வரி குறிப்பு எழுதியிருக்கலாம்லடா?"

"எழுதினா நீ படிச்சிருப்ப."

பெனாசிர் ஹெல்மெட்டை இன்னும் கழற்றவில்லை.

"மிச்சத்த அப்பறம் பேசுங்க, வாழக்காய் வாங்கணும்," என்று சொல்லிவிட்டு நான் முதலில் இறங்கினேன். வாழைக்காய் தீர்ந்துவிடும் என்பதால்தான். வேறு காரணம் இல்லை.

பெனாசிர் ஸ்கூட்டரில் கூட்டிப் போனாள். வாழைக்காய், பூசணி, அவரை, இலை, ஒரு முழம் மல்லிகை. கண்ணில் தூசி விழுகிறது என்று சொல்லி அவளுடைய ஹெல்மெட்டை நான் வாங்கிப் போட்டுக்கொண்டேன். மங்கை வடைக்கு ஊறப் போட்டு, ஊறியும் ஊறாமலும் ஆட்டினாள். உச்சி வேளை தாண்டியதும் படையல் ஆகிவிட்டது. ராஜகனி படத்துக்குக் கீழே, தேங்காய் மேல் போனைச் சாய்த்து வைத்தோம். சீலன் ஆபீசில் ஏதோ மாடிப்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"காக்கா வந்துச்சா?"

"வந்துச்சு," என்றாள் மங்கை. "சோத்தத் தொடல. நேரா வடைய எடுத்துட்டுப் போயிருச்சு."

"அப்ப அம்மாதான்," என்றான் அவன்.


ஆடி 24, ஞாயிறு

எக்ஸ் ஒன்பதுக்கு என்ன பெயர் வைப்பது என்று அக்காளும் தம்பியும் போனில் ஒரு மணி நேரம் சண்டை. திதி நினைவூட்டு என்கிறான் அவன். அம்மா திதி என்கிறாள் இவள். மாடிப்படியில் உட்கார்ந்து முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டேன். மத்தியானத் தூக்கம் போனது. போகட்டும்.


ஆடி 28, வியாழன்

மங்கை தன் புதுக் கணக்கைச் சீலனுக்கு அனுப்பியிருக்கிறாள். அவன் ஒரு தப்பு கண்டுபிடித்தான். பங்குனி முடிந்து சித்திரை பிறக்கிற ராத்திரி மண்டபம் யார் கணக்கிலும் வராமல் நிற்கிறதாம்.

"கண்டுபிடிச்சது யாரு?" என்று கேட்டேன்.

"கீரைக்காரி," என்றாள், கடுகடுவென்று. ஆனால் திருத்தும்போது ஏதோ பாட்டை முணுமுணுத்தாள்.


ஆவணி 1, திங்கள்

கிருபாகரன் தன் மேனேஜரோடு வந்தார். மேனேஜர் பலே ஆள், உடைப்பதில் எனக்குப் போட்டி. மங்கை காப்பி கொண்டுவந்து வைத்தாள். மேசை மேல் போன், ஸ்பீக்கரில் சீலன், இருமக்கூட இல்லை.

மேனேஜர் ஞாயிறு கல்யாணம் போட்டார். சனி சாயங்காலம் ரிசப்ஷன் போட்டார். சிவப்பு. சமையல்கட்டு மட்டும் போட்டார். சிவப்பு. ரத்து செய்தார், திரும்பக் கொண்டுவந்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன், அது என் குறும்பு. சிவப்பு! வேறு மண்டபத்துக்குப் போனார், நாற்காலி எதுவும் காணாமல் போகவில்லை. கடைசியில் மேனேஜர் கையை எடுத்துவிட்டு, "ஒண்ணும் பண்ண முடியல மொதலாளி," என்றார்.

கிருபாகரன் இன்றுதான் காப்பியைக் குடித்தார். "சரி மங்க, டைரிய எடைக்குப் போட்டுர வேண்டியதுதான்."

பெனாசிர் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள். சந்தோஷத்தில்தான்.

"அப்படியே ஒரு சின்ன வேல," என்றார் அவர், எழுந்துகொண்டே. "பொறந்தநாளுக்கு அர நாள் வாடகை. அதுல டைனிங் ஹால் மட்டும்னா வேற ரேட்டு. அமாவாசைன்னா அதுக்கும் வேற. என் மண்டபத்துக்கு மட்டும் தனியா ஒண்ணு எழுதிக் குடுத்துரு. இருக்கறதக் காப்பியடிச்சா முடிஞ்சு போச்சு."

நான் போனைப் பார்த்தேன். சீலன் தொண்டையைச் செருமுவது கேட்டது. அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும், இத்தனை வருஷம் கேட்டதுதான். செஞ்சுரலாம் அண்ணாச்சி.

"முடியாது அண்ணாச்சி," என்றாள் மங்கை.

"முடியாது அண்ணாச்சி," என்றது போன், அதே நேரத்தில்.

கிருபாகரன் போனைப் பார்த்தார், மங்கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ரெண்டு பேரும் சேந்துட்டாங்களா அண்ணாச்சி?"

"கீரைக்காரி சேத்து வச்சா," என்றேன். அவருக்குப் புரியவில்லை.

"எல்லா மண்டபத்துக்கும் பொதுவா, ஒரே எடத்துல எழுதித் தர்றோம்," என்றான் சீலன். "பொரட்டாசியில. அப்பவும் கல்யாணம் இருக்காதுல்ல."

சம்மதித்துப் போய்விட்டார். அவர் படி இறங்கும் வரை பொறுத்திருந்து மூன்று பேரும் கத்தினோம், போனோடு நான்கு பேர். வருகிற சனிக்கிழமை காலை பஸ்ஸில் சீலன் வருகிறான். எண்ணெய்ப் பரோட்டாவுக்கு இப்போதே சொல்லி வைத்துவிட்டேன், யாருக்கு எத்தனை என்று இங்கே எழுத மாட்டேன்.

சாயங்காலம் பெனாசிர் என்னைக் கூப்பிட்டுத் திரையில் ஒன்றைக் காட்டினாள். எக்ஸ் ஒன்பது இப்போது 'அம்மா திதி.' அதன் மேலே குறிப்பு: 'ஆடி, தேய்பிறை தசமி, மத்தியானக் கணக்கு. காலை அலாரம் இதைக் கூப்பிடும். தொடலாம், அப்பாவிடம் சொல்லிவிட்டு. இப்படிக்கு மங்கை, சீலன்.'

அடுத்த ஆடியில் மெசேஜ் வர வேண்டும். வராவிட்டால் திட்டுவதற்கு இப்போது எனக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள்.